மீயொலித் தாரை இரைச்சல் அளவீடு

ஒலியின் வேகத்தை விஞ்சிப் பாயும் வளிமத் தாரை எழுப்பும் இரைச்சலைத் திறந்தவெளியிலும் குழாய்வழியிலும் ஒலிவாங்கிகள் கொண்டு அளக்கும் துறை. விமானப் பொறிகள், அவற்றின் சோதனைக்கூடங்கள், ராக்கெட் ஏவுதளங்கள் ஆகியவற்றின் வடிவமைப்புக்கு அடிப்படையானது.

தொடக்கம்: ஜெட் பொறிகள் 1940களில் பரவியபோதே இரைச்சல் சிக்கலாயிற்று. 1952-இல் மான்செஸ்டரில் பணியாற்றிய ஜேம்ஸ் லைட்ஹில், தாரையின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் பெருகும் என்று காட்டினார். வேகம் இரட்டித்தால் ஒலித்திறன் 256 மடங்கு, அதாவது 24 டெசிபல் கூடும். மீயொலி வேகத்தில் இவ்விதி தளர்ந்து மூன்றாம் அடுக்கை நெருங்கும் என்பதை 1963-இல் ஃபௌக்ஸ் வில்லியம்ஸ் விளக்கினார்.

கீச்சொலி: 1953-இல் ஆலன் பவல் விவரித்த இந்நிகழ்வு துறையில் நுணுக்கமாக ஆராயப்பட்டது. தாரையின் விளிம்பில் பிறக்கும் சுழல், தாரையின் போக்கிலேயே சென்று அதனுள் இருக்கும் அதிர்ச்சி அலைகளில் மோதுகிறது. அங்கு எழும் ஒலி வெளிக்காற்றின் வழியே திரும்பிவந்து, தாரை வெளிப்படும் நாசிலின் உதட்டில் அடுத்த சுழலைப் பிறப்பிக்கிறது. இந்தச் சுற்று ஓயாமல் தொடர்வதால் ஒரே சுருதியில் கூர்மையான கீச்சு கேட்கிறது. நாசிலுக்கு அருகில் ஒரு சிறு பலகை இருந்தாலும் கீச்சின் வலிமை மாறிவிடும். அதனால் ஒலிவாங்கியைத் தாங்கும் கம்பிகளுக்கும் ஒலியுறிஞ்சும் நுரை போர்த்துவார்கள்.

வெடிப்பொலி: தாரை இரைச்சலில் வெடிப்பது போல் விட்டுவிட்டுக் கேட்கும் ஒலி இது. கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் பொறியை ஆராய்ந்தோர் 1975-இல் இதற்குப் பெயரிட்டனர். டெசிபல் கணக்கு மட்டும் இதைப் பிடிக்காது. அழுத்த அலையின் வடிவையே பதிய வேண்டும். இது தாரையிலேயே பிறக்கிறதா, காற்றில் பயணிக்கையில் கூர்மையாகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

குழாய்வழி: குழாய்க்குள் நுழையும் தாரை சுற்றுக்காற்றையும் இழுத்துச் செல்கிறது. இரைச்சல் இரு முனைகளிலும் வெளியேறுவதால் நுழைவாயிலில் ஓர் அளவும் வெளிவாயிலில் வேறோர் அளவும் கிடைக்கும். கீச்சொலியின் அதிர்வெண் குழாயின் இயல்பதிர்வோடு பொருந்தினால் அழுத்த அலைவு பன்மடங்காகி, பொறியும் கூடமும் சேதமடையக்கூடும். ராக்கெட் தாரையைக் கால்வாய்வழியே வெளியேற்றும் ஏவுதளங்களுக்கான மதிப்பீட்டு முறையை நாசா 1971-இல் எஸ்பி-8072 என்ற ஆவணமாக வெளியிட்டது. 1981 ஏப்ரலில் விண்ணோடத்தின் முதல் ஏவலில், பூஸ்டர்கள் தீப்பற்றிய கணத்தில் எழுந்த அழுத்த அலை கணித்ததை விஞ்சியது. அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம் ஏவலுக்கு முன் பூஸ்டர்களுக்குக் கீழே ஏவுமேடையின் துளைகளில் நீர்ப்பைகளும் நீர்த்தாரைகளும் பொருத்தப்பட்டன.

அண்மைக்காலம்: கணினி உருவகம் அளவீட்டுக்குத் துணைநிற்கிறது.

திறந்தவெளியில் எடுத்த அளவு குழாய்க்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு குழாய்வழிக்கும் மாதிரி செய்து தனியே அளப்பதே நம்பத்தக்க முறை.