இரவல் வாக்கு: ஜேர்மனி கற்ற எட்டு மாதப் பாடம்

விகிதாசாரத் தேர்தல் முறையில் எந்த வாக்கும் வீண்போவதில்லை என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மைதான். பல நாடுகளில் இம்முறைக்கு ஒரு வெட்டுப்புள்ளி உண்டு. அதைத் தாண்டாத கட்சிக்கு அளித்த வாக்குகளால் ஓர் ஆசனமும் கிடைப்பதில்லை. தான் ஆதரிக்கும் பெரிய கட்சியோடு சேர்ந்து ஆட்சியமைக்கவேண்டிய சிறிய கட்சி அந்த எல்லையில் தள்ளாடுமானால் வாக்காளர் என்ன செய்வது? ஜேர்மனியர் கண்ட வழிக்கு அவர்களே இட்ட பெயர் 'இரவல் வாக்கு'.

1953 முதல் அங்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. இரண்டாவது கட்சிப் பட்டியலுக்கு. பாராளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தை நிர்ணயிப்பது இரண்டாவது வாக்கே. அதில் 5 சதவீதத்தைத் தாண்டாத கட்சி பெரும்பாலும் வெளியே நிற்கவேண்டியதுதான்.

1972 இல் வில்லி பிராண்டின் சமூக ஜனநாயகக் கட்சியோடு சுதந்திர ஜனநாயகக் கட்சி கூட்டுச் சேர்ந்திருந்தது. அத்தேர்தலில் சுதந்திர ஜனநாயகக் கட்சி பெற்ற முதல் வாக்குகள் 4.8 சதவீதம், இரண்டாவது வாக்குகள் 8.4 சதவீதம். இடைவெளியின் பெரும்பகுதி பிராண்டின் ஆதரவாளர்கள் கொடுத்த இரவல். 1982 இல் அதே கட்சி அணி மாறி ஹெல்முட் கோலை ஆட்சியில் அமர்த்தியது. மறு ஆண்டுத் தேர்தலில் அதன் முதல் வாக்கு 2.8 சதவீதம், இரண்டாவது வாக்கு 7 சதவீதம். இரவல் கொடுத்தவர்கள் மாறினார்கள், வாங்கியவர் மாறவில்லை.

இந்தத் தந்திரத்தின் இரு முகங்களையும் 2013 ஆம் ஆண்டு காட்டியது. ஜனவரி 20 அன்று லோவர் சாக்சனி மாநிலத் தேர்தல். சுதந்திர ஜனநாயகக் கட்சி 5 சதவீதத்தை எட்டாது என்ற அச்சத்தில் அங்கு ஆட்சியிலிருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். சிறிய கட்சிக்கு 9.9 சதவீதம் கிடைத்தது. பெரிய கட்சியோ 36 சதவீதத்துக்கு இறங்கியது. எதிரணி 69, இவர்கள் 68. ஓர் ஆசனத்தால் ஆட்சி போயிற்று.

'தனக்கு மிஞ்சியே தானமும் தர்மமும்' என்பது நம் முதுமொழி. அங்கெலா மேர்க்கெலின் கட்சியும் அந்த முடிவுக்கே வந்தது. செப்டெம்பர் 22 பொதுத் தேர்தலில் இரவல் இல்லை என்று கையை விரித்தது. விளைவு? சுதந்திர ஜனநாயகக் கட்சி 4.8 சதவீதத்தோடு, 1949 இற்குப் பின் முதன்முறையாகப் பாராளுமன்றத்தை இழந்தது. ஏறக்குறைய ஓர் இலட்சம் வாக்குகளே குறைவு. மேர்க்கெல் அணி பெற்றதோ ஒரு கோடியே எண்பத்தொரு இலட்சத்துக்கும் மேல். அதிலே ஆயிரத்துக்கு ஆறு பேர் இரவல் கொடுத்திருந்தால் கூட்டணி பிழைத்திருக்கும். 631 ஆசனங்களில் 311 ஐப் பெற்றும் பெரும்பான்மைக்கு ஐந்து குறைந்ததால், மேர்க்கெல் தமது பிரதான எதிரிகளான சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டாட்சி அமைக்க நேர்ந்தது.

ஜனவரியில் இரவல் மிகுந்து தோற்றார்கள். செப்டெம்பரில் இரவல் குறைந்து நண்பனை இழந்தார்கள். வாக்குச் சீட்டின் முன் தனியே நிற்கும் ஒருவருக்கு, அயலவர் எத்தனை பேர் தம்மைப் போலவே எண்ணுகிறார்கள் என்பது தெரியாது. வெட்டுப்புள்ளியை எட்டும்வரை இரவல் வாக்கு பொன். அதைத் தாண்டியபின், அநேகமாக, ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றிய காசுதான்.

இலங்கையில் இந்த இரவலுக்கும் வழியில்லை. நமக்குக் கட்சி வாக்கு ஒன்றே. விருப்பு வாக்குகள் மூன்றும் அதே பட்டியலுக்குள் அடங்கியவை. 1988 இல் 12.5 இலிருந்து 5 சதவீதமாக இறக்கப்பட்ட வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் உண்டு. முதலிடம் பெறும் பட்டியலுக்குப் போனஸ் ஆசனமும் உண்டு. 2024 நவம்பர் 14 அன்று யாழ்ப்பாணத்தில் தமிழ்க் கட்சிகள் பல பட்டியல்களாகப் பிரிந்து நின்றன. நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றது.

ஜேர்மனிய வாக்காளராவது இரண்டாவது வாக்கால் தலைவர்களின் தவறைத் திருத்த முயலலாம். நமது வாக்காளருக்கு அந்த வசதி இல்லை. ஒத்த கருத்துடைய கட்சிகளின் கணக்கு வேட்புமனுத் தாக்கல் செய்யும் நாளுக்கு முன்பே முடியவேண்டும். அதன்பின் கூட்டிக் கழிப்பது எம்போன்ற பத்திரிகையாளர்களுக்கு மட்டுமே பயன்படும்.