டிரெய்லரை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் இறங்குகிறதா?

இரவுச் சந்தைக்குக் கடைவண்டியை இழுத்துச் செல்லும் வியாபாரிகள், தோட்டத்தில் ஜெனரேட்டரையோ தண்ணீர்த் தொட்டியையோ கொண்டு செல்வோர், வார இறுதியில் மீன்பிடிப் படகை இழுப்போர் எனப் பலரும் பிக்-அப் வண்டியில் சிறு டிரெய்லரை மாட்டுகிறார்கள். மாட்டியதும் பின்பக்கம் சற்று இறங்குவது இயல்புதான். அளவுக்கு மேல் இறங்கினால் ஆபத்து.

ஏன் இறங்குகிறது?

இழுவைக் கொக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் அங்கே ஏறும் எடை நெம்புகோல் போல வேலை செய்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர், பின் சக்கரத்திலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 100 கிலோ இறங்கினால் பின் சக்கரங்களுக்கு 140 கிலோ கூடும். முன் சக்கரங்களில் 40 கிலோ குறையும்.

முன்பக்கம் லேசானால் ஸ்டியரிங் பிடிமானம் குறையும். பிரேக் போடும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வது முன் சக்கரங்களே. மழை நாளில் இது உயிர்ப் பிரச்சினை. முன் விளக்கும் மேல்நோக்கிப் பாய்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே உள்ள வண்டி உடலின் வளைவு விளிம்பு வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரக்கோடு டிரெய்லரை மாட்டிய பிறகு மீண்டும் அளங்கள். பின்பக்கம் எவ்வளவு இறங்கியது, முன்பக்கம் எவ்வளவு உயர்ந்தது என்ற இரண்டையும் பாருங்கள்.

சரக்கை மாற்றி அடுக்குங்கள்

செலவில்லாத வழி இதுதான். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்குவது நல்லது. 800 கிலோ டிரெய்லர் என்றால் 80 முதல் 120 கிலோ. அதற்கு மேல் இருந்தால் எரிவாயுத் தோம்பு, தண்ணீர் டிரம் போன்றவற்றை டிரெய்லர் அச்சுக்கு அருகே நகர்த்துங்கள். ஆனால் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். கொக்கியில் எடை மிகக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி வண்டியையே கவிழ்த்துவிடும்.

பிக்-அப்பின் பின்தட்டில் உள்ள கனமான சாமான்களை ஓட்டுநர் அறையை ஒட்டி வையுங்கள். கொக்கியில் இறங்கும் எடையும் வண்டியின் சுமை அளவில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பிரிங்கைச் சோதியுங்கள்

சுமை இல்லாதபோதும் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பட்டை ஸ்பிரிங்கில் வெடிப்பு உண்டா, வளைவு போய்த் தட்டையாகிவிட்டதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சாதாரண அப்சோர்பர் குலுக்கலை அடக்குமே தவிர எடையைத் தாங்காது. அதை மட்டும் மாற்றினால் இறக்கம் தீராது.

கூடுதல் தாங்கிகள்

எப்போதும் பாரம் ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் பட்டை சேர்க்கலாம். ஆனால் வெறும் வண்டியாக ஓட்டும்போது தூக்கிப் போடும். எப்போதாவது இழுப்பவர்களுக்குக் காற்றுப்பை வசதி. சுமைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கலாம். கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் பின்பக்கத்தை உயர்த்துமே தவிர, முன் சக்கரங்கள் இழந்த எடையைத் திருப்பித் தராது. அதற்கு எடையைப் பகிர்ந்தளிக்கும் தனி வகைக் கொக்கி தேவை. அதையும் வண்டியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே பொருத்த வேண்டும்.

எந்தத் தாங்கியைப் போட்டாலும், தயாரிப்பாளர் குறித்த சுமை வரம்பு கூடாது. வண்டி நிமிர்ந்து நிற்பதை வைத்து இன்னும் ஏற்றலாம் என்று எண்ணாதீர்கள்; அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான். மாற்றங்கள் செய்யும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் (ஜேபிஜே) அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

பின் டயர்களின் காற்று கையேட்டில் சுமைக்குச் சொன்ன அளவில் இருக்கிறதா, கொக்கி பூட்டியிருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா, டிரெய்லர் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். முன் விளக்கின் கோணத்தையும் சரிசெய்யுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.