விண்டோஸ் ஓல்ட்: அழிக்கும் முன் ஒரு பழைய கதை

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் எனக்கு வரலாறு படிப்பித்த சேர் கூப்பிட்டிருந்தார். “தம்பி, லெப்டொப் நிறைஞ்சு போச்சுது. சிவப்புக் கோடு காட்டுது. ஒருக்கா வந்து துப்புரவாக்கித் தாரும்.”

விடயம் சின்னதுதான். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது அல்லவா? சேர் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டுக்கொண்டார். 128 ஜிபி டிஸ்க். டொலர் ஒரேயடியாக ஏறிய 2022க்குப் பிறகு நம்மில் பலர் வாங்கிய பாவித்த லெப்டொப்களில் இருப்பது இவ்வளவுதான். சீ டிரைவைத் திறந்தால் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்று ஒரு போல்டர், 22 ஜிபி. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி பைல்ஸ், அதில் ‘முந்தைய விண்டோஸ்’ என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டேன். அழி என்ற பட்டனை அமத்த வேண்டியதுதான் பாக்கி.

அப்போது சேர் சொன்னார்: “இன்னொண்டு தம்பி. நான் எழுதினதெல்லாம் இங்கிலீஷில வருது.”

கையை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று விளங்க, இந்தப் போல்டரின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் முதலாவது வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம், கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்று நல்ல தரத்தில் எடுக்கும் ஒரு படமே அதற்குள் அடங்காமல் போகலாம். அப்போதிருந்தே இடம் என்பது காசு. பழையதை வைத்திருப்பது ஆடம்பரம்.

1995 ஒகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அதற்கு ஏறத்தாழ 50 மெகாபைட் போதும். பழைய விண்டோஸ் மேல் அதைப் போடும்போது ஒரு கேள்வி கேட்கும்: பழைய கோப்புகளைச் சேமித்து வைக்கவா? ஆம் என்றால் அவற்றைச் சுருக்கி ஒரு மறைகோப்பில் ஒளித்து வைக்கும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். விண்டோஸ் 98இல் டிஸ்க் கிளீனப் வந்தது. வைத்திருப்பதற்கு ஒரு கருவி, மூன்று வருடத்தில் துடைப்பதற்கு ஒரு கருவி. அன்றிலிருந்து இரண்டுக்கும் இழுபறிதான்.

‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற பெயர் 2007இல் விஸ்டாவுடன் நம் வீடுகளுக்கு வந்தது. டிஸ்க்கை போர்மட் செய்யாமல் புதிய விண்டோஸைப் போட்டால், பழைய விண்டோஸ், பழைய புரோகிராம்கள், உங்கள் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ் எல்லாவற்றையும் அப்படியே இந்தப் போல்டருக்குள் தள்ளிவிடும். வீடு மாறும்போது எல்லாச் சாமானையும் ஒரு அறைக்குள் போட்டுப் பூட்டுவது போல. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பழையதற்குத் திரும்பிப் போக ஒரு மாதம் தவணை தந்தார்கள். 2016 ஒகஸ்டில் அதைப் பத்து நாளாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு அறை தானாகவே காலியாகும். யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள்.

இந்த வரலாற்றில் நான் மாணவர்களுக்குச் சொல்லும் ஆண்டு 2018.

நம் ஊரில் கொம்பியூட்டர் வாங்கிய எவருக்கும் தெரியும், கடைக்காரர் டிஸ்க்கை சீ, டீ என்று பிரித்துத்தான் தருவார். “சீல ஒண்டும் வைக்காதீங்க, டீல வைங்க.” பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கிய எல்லோரும் கேட்ட உபதேசம் இது. சீயை எத்தனை தரம் போர்மட் பண்ணினாலும் டீ பிழைக்கும். டொகியுமென்ட்ஸ் போல்டரையே டீக்கு மாற்றிவைப்பவர்களும் உண்டு. விண்டோஸே அதற்கு வழி தருகிறது. இப்படி மாற்றியவர்களுக்கு, அப்டேட்டுக்குப் பிறகு சீயில் அதே பெயரில் வெறும் போல்டர்கள் மிஞ்சிக்கிடப்பதாக உலகெங்கும் முறைப்பாடு வந்தது. மைக்ரோசொப்ட் அதற்கென்று ஒரு துப்புரவு நிரல் எழுதியது. ஒக்டோபர் 2 அன்று வெளியான அப்டேட்டில் அது ஓடியது. ஆனால் பலருக்கு அந்தப் பழைய போல்டர் வெறுமையாக இருக்கவில்லை. மாற்றிய நாளில் நகர்த்தாமல் விட்ட பைல்கள் அதற்குள் இருந்தன. போல்டரோடு அவையும் போயின. சில நாட்களில் அப்டேட்டை நிறுத்திவைத்து, நொவெம்பர் 13இல்தான் மீண்டும் விட்டார்கள். பாதிக்கப்பட்டோர் பத்தாயிரத்தில் ஒருவர் என்றது நிறுவனம். அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு. இதில் எனக்குக் கோபம் வரும் இடம் வேறு: வெளியிடுவதற்கு முன்பே சோதனை பார்த்தவர்களில் சிலர் இதைச் சொல்லியிருந்தார்கள், கவனிக்கப்படவில்லை.

அதே அப்டேட்டில் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரையும் சேர்த்தார்கள். வழமைபோல எல்லாப் பெட்டியிலும் சரி போட்டவர்கள் அதையும் இழந்தார்கள். 2020இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இனி சேரின் விடயம். அவர் 2000களின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனை பற்றி அறுபது பக்கம் எழுதி வைத்திருந்தார். பழைய அச்சகங்கள், கோயில்கள், பள்ளிவாசல், 83க்குப் பிறகு எந்த வீட்டிலிருந்து யார் போனார்கள், திரும்பி வந்தவர் யார். வேறெங்கும் எழுதப்படாத விடயம். பைல் டீயில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது யூனிகோட் அல்ல. பாமினி முறையில், ஒரு அச்சகம் தனக்கென்று மாற்றிக்கொண்ட எழுத்துருவில் அடித்தது. அந்த முறையில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் புள்ளி வைக்கும் இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினியைப் போட்டுப் பார்த்தேன். பாதி வாசிக்கலாம், கிரந்த எழுத்தும் இலக்கமும் குழம்பின. ஆண்டுகளும் வீட்டு இலக்கங்களும் குழம்பினால் வரலாற்றில் என்ன மிச்சம்?

எழுத்துரு இருப்பது சீயில், விண்டோஸுக்குள் இருக்கும் பொன்ட்ஸ் போல்டரில். அதாவது அந்த 22 ஜிபிக்குள். டீயில் வைத்தால் பிழைக்கும் என்ற உபதேசம் எழுத்தைக் காத்தது, எழுத்தின் உருவைக் காக்கவில்லை. கடையில் போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. பழைய வன்தட்டு என்றால் அழித்த பிறகும் மீட்பு மென்பொருள் போட்டு எதையாவது எடுக்கலாம். இப்போதைய எஸ்எஸ்டியில் அழித்ததும் டிரிம் கட்டளை போய்விடும்; பெரும்பாலும் அதோடு சரி.

அல்ஹம்துலில்லாஹ், உள்ளே இருந்தது. பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்தோம். பழைய யூசர்ஸ் போல்டரையும் பார்த்தோம். டெஸ்க்டொப்பில் சேரின் பேத்தியின் படங்கள் கிடந்தன, அவற்றையும் எடுத்தோம். பிறகுதான் பட்டனை அமத்தினேன். சிவப்புக் கோடு நீலமானது.

இப்போது வெள்ளவத்தையில் என் வீட்டில் இரவில் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். தலைப்புகளுக்கு வேறொரு எழுத்துரு பாவித்திருக்கிறார்கள், அது கிடைக்கவில்லை. முந்தைய ஏதோ ஒரு போர்மட்டில் போயிருக்க வேண்டும். கொழும்பில் 2000களில் அச்சகங்களில் டைப்செட் வேலை பார்த்தவர்கள் யாரேனும் இதை வாசித்தால், பழைய கொம்பியூட்டரின் பொன்ட்ஸ் போல்டர் உங்களிடம் இன்னும் இருந்தால், இன்பொக்ஸுக்கு வாருங்கள். அழித்துவிடாதீர்கள்.