மாற்றுரைப்போரும் கணக்கெடுப்போரும்

நம் திருமுதுகுன்றத்தின் பெருமையை அறியாதார் இலர். சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்து இறைவன்பால் பன்னீராயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தனர். ஆற்றிலிடுமுன் மாற்றறிதற்கென ஒரு துண்டு பொன்னை வெட்டி வைத்துக்கொண்டார் நாயனார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் பாடியருளிய பின்னரே முன்போலாயிற்று. அன்று உரைத்துக் காட்டியவர் விநாயகரே என்பது திருவாரூர்க் கோயில் வழக்கு. கொடுத்தவன் இறைவனேயாயினும் உரைகல் உள்ளதையே காட்டிற்று. குறையென்று காட்டியவர்க்கு நம் முன்னோர் மாற்றுரைத்த பிள்ளையாரெனச் சன்னிதி அமைத்தனர்.

நாட்டின் தொகை, தொழில், வறுமை ஆகியவற்றைக் கணக்கிட்டுரைக்கும் அலுவலரும் மாற்றுரைப்போரே என்க. அவர்க்கு வரும் நெருக்கடி இரு திறத்தது; ஒன்று ஆள்வோரால் வருவது, மற்றொன்று நம்மனோரால் வருவது. பின்னதை முதற்கண் கூறுவாம்.

சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேயே மக்களின் சாதியும் எழுதப்பட்டது. 1901-இல் குடிமதிப்புத் தலைவராயிருந்த ரிஸ்லி துரை, சாதிகளை உயர்வு தாழ்வு வரிசைப்படுத்த முற்பட்டார். கணக்கு ஏடு அந்தஸ்து வழங்கும் ஏடாயிற்று. உடனே நாடெங்கும் சாதிச் சங்கங்கள் விண்ணப்பங்களைக் குவித்தன. 1911-இல் வங்காளத்து அலுவலர்க்கு வந்த விண்ணப்பங்கள் மட்டும் ஒன்றரை மணங்கு எடையிருந்தனவாம்.

இவ்விண்ணப்பங்கள் யாவும் தவறுடையனவோ எனின், அன்று. பிறர் இழிவாய் இட்ட பெயரை நீக்கித் தம் பெயரைத் தாமே உரைக்கும் உரிமை ஒவ்வொரு குலத்தார்க்கும் உண்டு. 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கத்தாரின் முயற்சியால் 1921-இல் அரசாங்க ஏடுகளில் நாடார் என்னும் பெயர் ஏறியமை நேரிய வெற்றியே. ஆயினும் பெயரைத் திருத்துக என்பது வேறு. தொகையைத் திருத்துக என்பது வேறு. இவ்வெல்லையைக் கடந்ததன் பயன் 1941-இல் வெளிப்பட்டது. வங்காளத்திலும் பஞ்சாபிலும் மதத்தார் ஒருவரோடொருவர் போட்டியிட்டுத் தத்தம் தொகையை மிகுத்துக் காட்டினர். அவ்விடங்களின் கணக்கைப் பின்வந்த அறிஞர் முழுதும் நம்பிலர். இல்லாத மக்களை எழுதுவித்து எவரும் ஈட்டியது யாது?

நிற்க. ஆள்வோரால் வரும் நெருக்கடி இன்னும் கொடிது. 1937-ஆம் ஆண்டு ஜனவரியில் சோவியத்து நாட்டில் எடுத்த குடிமதிப்பு ஏறக்குறைய 16.2 கோடி என்று முடிந்தது. ஸ்டாலின் அரசு எதிர்பார்த்ததோ அதனினும் மிகுதி. 1932-33-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் மாண்டோர் தொகையை அக்கணக்கு காட்டிவிட்டது. கணக்கு செல்லாதென அறிவிக்கப்பட்டது. அதனை நடத்திய ஒலிம்பி குவீத்கின் அவ்வாண்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உரைகல்லை உடைத்தால் பித்தளை பொன்னாகுமோ?

நம் நாட்டில் அத்தகைய கொடுமை நேர்ந்ததில்லை. எனினும் கவலை இல்லாமலில்லை. அரசுக் கணக்கியலைக் கண்காணிக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஆணையம் ஒன்று வேண்டுமென்று, ரங்கராஜன் அவர்கள் தலைமையிலான குழு 2001-இல் பரிந்துரைத்தது. தேசியப் புள்ளியியல் ஆணையம் 2006-இல் அமைந்தது. ஆயின் சட்டத்தாலன்றி அரசின் தீர்மானத்தால் அமைந்தது. அதன் பலவீனம் 2019 ஜனவரியில் வெளிப்பட்டது. 2017-18-ஆம் ஆண்டின் வேலைநிலை அறிக்கையை ஆணையம் ஏற்றுக்கொண்ட பின்னும் அரசு வெளியிடவில்லை யென்று கூறி, தற்காலிகத் தலைவர் பி. சி. மோகனன் அவர்களும் உறுப்பினர் ஜெ. வி. மீனாட்சி அம்மையாரும் பதவி துறந்தனர். பொதுத் தேர்தல் முடிந்து மே 31-ஆம் நாள் வெளிவந்த அவ்வறிக்கை, வேலையின்மை நூற்றுக்கு 6.1 என்றது. புதுமுறை ஆய்வாதலின் பழையவற்றோடு ஒப்பிடலாகாது என்பது அரசின் சமாதானம். அதனை அறிஞர் ஆராய்க. ஆராய்வதற்கு முதலில் அறிக்கை வெளிவருதல் வேண்டுமன்றோ? குறித்த நாளில் வெளியிடுதல், உண்மை உரைத்தாரைக் காரணமின்றி நீக்காமை ஆகிய இரண்டும் சட்டத்தால் உறுதியாதல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 1994-இல் வகுத்து, பொதுச்சபை 2014-இல் ஏற்ற நெறிகளும், புள்ளிவிவரம் ஒருபாற் கோடாது தொழிலறம் பற்றியே இயலவேண்டுமென வலியுறுத்துகின்றன.

சங்கத்து அன்பர்களே! இஃது அரசினர்க்கும் அறிஞர்க்கும் மட்டும் உரிய பொருளன்று. 2027 மார்ச்சு முதல் நாளை ஆதாரநாளாகக் கொண்டு எடுக்கும் குடிமதிப்பில் எல்லாச் சாதியாரும் கணக்கிடப்படுவரென அரசு அறிவித்தது. 1931-க்குப்பின் குடிமதிப்பில் இவ்வாறு நிகழ்வது இதுவே முதன்முறை. கல்வியும் உத்தியோகமும் இக்கணக்கைச் சார்ந்து நிற்கும் என்பதால் ஆசை பெரிதாகும். வாயிலில் வந்து நிற்பவரோ பெரும்பாலும் ஊர்ப்பள்ளியாசிரியராயிருப்பர். அவர்க்குத் துணை 1948-ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டம். நாம் உரைப்பது பிறர்க்கு வெளிப்படாதென்று அது காக்கின்றது. அறிந்தே பொய் உரைப்போர்க்கும் அறிந்தே பொய் எழுதுவோர்க்கும் தண்டம் விதிக்கின்றது. ஆயினும் ஊரார் பத்துப்பேர் திரண்டு நெருக்குங்கால் ஓர் எளிய ஆசிரியரைச் சட்டம் ஒன்றே காத்துவிடாது; நம் ஒழுக்கமே காக்கும்.

ஆதலின் நம் உறுப்பினர் தத்தம் குலப்பெயரைத் தெளிவாக உரைக்க, வீட்டில் உள்ளோரை விடாது சொல்க, இல்லாதாரைச் சேர்க்கற்க, அண்டை வீட்டார் எவ்வாறு எழுதுவித்தனரென வினவற்க. நம் தொகை நாம் எண்ணியதினும் குறைந்து வரினும், எண்ணியவரைப் பழியாதிருத்தல் வேண்டும். பெருக்கிக் கூறிய தொகையைக் கொண்டு கேட்கும் உரிமை முதல் வினாவிலேயே வீழும். உள்ள தொகையைக் கொண்டு கேட்கும் உரிமையை எவராலும் மறுத்தல் அரிது.