பிரிஞ்சு போறோம்னு ஓட்டு போட்டாங்க... அப்புறம்?

2016ல பிரெக்ஸிட் ஓட்டெடுப்பு முடிஞ்சதும், மக்கள் சொன்னதை அரசியல்வாதிங்க ஒழுங்கா செய்வாங்களான்னு எல்லாரும் கேட்டாங்க இல்லையா? இதே கேள்வி 1933லயே மேற்கு ஆஸ்திரேலியாவில் வந்திருக்கு. அந்தக் கூத்து இன்னும் சுவாரசியம்.

கோதுமை விலை படுத்துக்கிச்சு, விவசாயி கடன்ல. கிழக்குப் பக்கத்து தொழிற்சாலைகளைக் காப்பாத்த மத்திய அரசு போட்ட இறக்குமதி வரியால மெஷின் எல்லாம் யானை விலை. "உங்க சங்காத்தமே வேணாம்"னு ஒரு கோஷ்டி கிளம்ப, 1933 ஏப்ரல் 8 அன்று பொது வாக்கெடுப்பு. பிரியணும்னு 1,38,653 பேர், வேணாம்னு 70,706 பேர். மூணுல ரெண்டு பங்கு! தங்கச் சுரங்கப் பகுதிதான் முக்கியமா எதிர்த்து நின்னது.

அதே நாள்ல மாநிலத் தேர்தலும் நடந்தது. அதுல பிரிவினைக்கு ஆதரவா நின்ன பிரீமியர் ஜேம்ஸ் மிட்செல் ஆட்சியை மக்கள் தூக்கி எறிஞ்சாங்க. மனுஷன் சொந்தத் தொகுதியிலயே தோத்துட்டார். ஜெயிச்சது பிரிவினையை ஆதரிக்காத லேபர் கட்சி, பிலிப் காலியர் தலைமையில. ஒரே மெயில்ல ரெண்டு முரணான ரிக்வயர்மென்ட் அனுப்புற கிளையண்ட் மாதிரி :-)

காலியர் என்ன செஞ்சார்? முடியாதுன்னு சொல்லலை. 1934ல அதுக்குன்னு தனிச் சட்டமே கொண்டுவந்து, மனு தயார் பண்ணி, நாலு பேர் குழுவை லண்டனுக்கு அனுப்பிவச்சார். 1935ல பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கூட்டுக்குழு, ஆஸ்திரேலிய மத்திய அரசு கேட்காம நாங்க இதுல தலையிடுறது மரபில்லை, மனுவை வாங்கவே முடியாதுன்னு சொல்லிடுச்சு. கதை முடிஞ்சது.

இதை நேர்மைன்னு சொல்றதா? காகிதத்துல பார்த்தா ஒரு குறையும் இல்லை, சட்டம், மனு, தூதுக்குழு எல்லாம் போச்சு. ஆனா லண்டன் கதவை மூடினப்போ காலியர் அதை முட்டித் திறக்கப் பார்க்கலை. மேல போராடலை. என்னைக் கேட்டா, வேலையைச் செஞ்சார், மனசை வைக்கலை. அதேசமயம் அவரை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வரலை. அந்த வேலையை அவர் கையில கொடுத்ததே அந்த மக்கள்தானே? இதுக்கு நடுவுல 1933லயே மத்திய அரசு மானியக் கமிஷன் ஒண்ணு அமைச்சு, நொடிச்ச மாநிலங்களுக்குப் பணம் ஒதுக்க ஆரம்பிச்சது. விலைவாசியும் மெல்ல சரியாச்சு, கோபமும் ஆறிப்போச்சு.

1936 தேர்தல்ல ஜெயிச்சது யாருங்கறீங்க? அதே காலியர்தான்.