கரிசல் மண்ணும் வீட்டின் விலையும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் செல்பவர்கள், சாத்தூரை அடுத்து இருபுறமும் நிலம் கறுத்துக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று பரந்து விரியும் கரிசல் பூமி அது. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து ஆகியவற்றை வானத்து மழையை மட்டும் நம்பி விளைவிக்கும் மண். மழை நின்ற பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து பயிரைக் காப்பாற்றும் மண்.

ஆனால் இதே மண்ணின்மேல் வீடு கட்டினால் என்ன ஆகும்? சில ஆண்டுகளில் ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் கிளம்பும். தரை நடுவில் மேடு தட்டும். மழைக்காலத்தில் சாத்த முடிந்த கதவு கோடையில் சாத்த முடியாமல் நிற்கும். "வீட்டைக் கட்டிப் பார்" என்ற பழமொழிக்குக் கரிசல் காட்டில் கூடுதலாக ஒரு பொருள் உண்டு எனலாம்! பயிருக்குத் தாயாக இருக்கும் மண் வீட்டுக்கு மட்டும் ஏன் பகையாகிறது? இந்தப் பகையை நம் முன்னோர் எப்படிச் சமாளித்தனர்? வீட்டின் விலையை இது எவ்வாறு பாதிக்கிறது? இவற்றைக் காண்போம்.

மூச்சு விடும் மண்

கரிசலின் குணத்துக்குக் காரணம் அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம். அதை உருப்பெருக்கிப் பார்க்க முடிந்தால், சீட்டுக்கட்டை அடுக்கியதுபோல் மிக மெல்லிய தகடுகள் தெரியும். தகடுகளுக்கு இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. ஆகவே தண்ணீர் இடையில் புகுந்து தகடுகளை விலக்கிவிடுகிறது, மண் உப்புகிறது. ஈரம் வற்றியதும் தகடுகள் மீண்டும் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் கரிசல் காட்டில் காணும் வெடிப்புகள் ஒரு மீட்டருக்கு மேலும் ஆழமாக இறங்கக்கூடியவை.

மண் முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் வீட்டுக்குத் தொல்லை இல்லை. வீடும் கூடவே ஏறி இறங்கிவிடும். ஆனால் மழை பெய்யும்போது வீட்டின் ஓரங்களில் உள்ள மண் முதலில் நனைகிறது. நடுவில் உள்ளது நனைவதில்லை. கோடையில் ஓரம் முதலில் காய்கிறது. நடுவில் ஈரம் தங்கிவிடுகிறது. ஒரு பக்கம் தூக்க, மறுபக்கம் இறங்க, இடையில் அகப்பட்ட சுவர் விரிந்துவிடுகிறது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். கனமான கட்டடம் தன் எடையால் மண்ணின் உப்பலை ஓரளவு அடக்கிவிடும். எடை குறைந்த ஒற்றை மாடிச் சிறு வீட்டால் அது முடியாது. எனவே கரிசல் மண்ணால் அதிகம் பாதிக்கப்படுவது ஏழையின் வீடுதான்.

மண் சுவரின் தந்திரம்

கரிசல் சீமையின் பழைய வீடு மண் சுவரும் பனையோலைக் கூரையும் கொண்டது. கூரையைத் தாங்கியவை பனங்கைகள். சுவர் வெடித்தால் மண்ணைக் குழைத்து அப்பி, சாணம் மெழுகிவிடுவார்கள். இங்கே பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி மார்கழியோடு ஓய்ந்துவிடும். தைப்பொங்கலுக்கு முன் சுவரைப் பூசி வெள்ளையடிக்கும் வழக்கத்தை இத்துடன் இணைத்துப் பாருங்கள். மழை தந்த காயங்களை ஆண்டுதோறும் ஆற்றும் பராமரிப்பு வேலை ஒரு திருவிழாவோடு சேர்ந்தே வந்துவிட்டது.

இத்தகைய வீட்டில் காசு போட்டு வாங்கிய பொருள் குறைவு, உழைப்பே மிகுதி. நிலை, கதவு, உத்தரம் ஆகிய மரச்சாமான்களே விற்றால் விலை போகக்கூடியவை. குடும்பத்தின் செல்வம் நிலத்திலும் மாட்டிலும் இருந்தது.

மண் சுவரை எவ்வளவு விரைவில் எழுப்ப முடியும் என்பதற்குச் சரித்திரச் சான்று இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, மக்களைத் திரட்டிச் சில நாட்களுக்குள் அக்கோட்டையை மீண்டும் எழுப்பிவிட்டார். படையுடன் வந்த கம்பெனி அதிகாரிகள் திகைத்தனர். அந்த மண் கோட்டையைப் பிடிக்க அவர்களுக்கு மே மாதம் வரை ஆயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண வேண்டுமானால் கழுகுமலைக்குச் செல்லுங்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடையப்பட்ட வெட்டுவான் கோயில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதற்கு அடித்தளம் போட வேண்டிய தேவையே இல்லை. மலையே அதன் அடித்தளம்.

பருத்தி கொண்டுவந்த காரை வீடு

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற பருத்தி தடைப்பட்டது. உடனே இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. திருநெல்வேலிப் பருத்திக்கும் கிராக்கி பிறந்தது. 1876இல் மதுரை-தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பஞ்சாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் நகரை வளர்த்தன. கையில் காசு சேர்ந்தவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு காரை வீடு கட்டினர்.

சுண்ணாம்புச் சாந்து மெல்ல இறுகும். சற்றே வளைந்தும் கொடுக்கும். சிமெண்டு அப்படியல்ல. அது விரைவில் இறுகும், வலுவும் மிகுதி. ஆனால் வளைந்து கொடுக்காது. ஆகவே சிமெண்டு வீடு பரவியபோது கீறல் பெரிய சிக்கலாகியது. மண் சுவரின் வெடிப்பை வீட்டுக்காரரே அடைத்துக்கொண்டார். கான்கிரீட் வீட்டின் வெடிப்புக்குக் கொத்தனாரும் பணமும் வேண்டும்.

மண்ணை மறந்த மதிப்பு

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி விதிக்க வந்த அதிகாரிகள் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தனர். கரிசலா செம்மண்ணா, களியா மணலா என்று பிரித்துத் தரம் குறித்தனர். வரிக்கு மண் அளவுகோலாக இருந்தது. இன்று வீட்டுமனைக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பு, தெருவையும் சர்வே எண்ணையும் வைத்து அமைகிறது. அடியில் உள்ள மண் எவ்வளவு உப்பும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நகரம் விரியும்போது நல்ல விளைநிலம் மனையாகிறது. பயிருக்கு மிகச் சிறந்த கரிசல், வீட்டுக்கு மிகக் கடினமான மனையாகிவிடுகிறது.

உதவித் திட்டங்களிலும் இதைக் காணலாம். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரியின் ஊரக வீட்டு வசதித் திட்டம் சமவெளியில் ஒரு வீட்டுக்கு ரூ.1,20,000 என்றும், மலை முதலிய கடினமான பகுதிகளில் ரூ.1,30,000 என்றும் வகுத்தது. மலையில் சாமான் ஏற்றுவது கடினம் என்பது கணக்கில் வந்தது. கரிசலில் அடித்தளத்துக்குக் கூடுதல் செலவாகும் என்பது வரவில்லை. கணக்குப்படி கரிசல் வெறும் சமவெளி! பணம் போதாதவர் அடித்தளத்தின் ஆழத்தைத்தான் குறைப்பார். பின்னர் கீறல் விழுந்த வீட்டுக்கு விற்பனையிலும் மதிப்பு குறைகிறது.

இது நம் நாட்டின் சிக்கல் மட்டுமன்று. உப்பும் மண்ணால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 200 கோடி டாலருக்கு மேல் சேதம் ஏற்படுவதாக 1973இல் பொறியியலாளர் இருவர் மதிப்பிட்டனர். வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றின் சேதத்தைக் கூட்டினாலும் அதைவிட இது மிகுதி என்றனர். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் நிலம் ஆழம் வரை உறைந்து கிடக்கிறது. வீட்டின் சூடு பட்டால் அது இளகி இறங்கிவிடும். ஆகவே அங்கே கட்டடங்களைத் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள்.

நமக்கும் ஒரு தூண் உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை 1950களிலிருந்து ஆராய்ந்து வளர்த்தது. ஈரம் மாறாத ஆழத்தில், ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குக் கீழே, அந்தக் குமிழ் மண்ணில் நங்கூரமிட்டுப் பிடித்துக்கொள்ளும். மேல்மண் ஏறி இறங்கினாலும் வீடு நிற்கும். இதற்கு வசதி இல்லாதவர்களும் சிலவற்றைச் செய்யலாம்: வீட்டைச் சுற்றி நீர் இறங்காத தளம் போடுவது, கழிவுநீரைச் சுவரடியில் விடாதிருப்பது, பெரிய மரங்களைச் சுவரை ஒட்டி வளர்க்காதிருப்பது.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களே, உங்கள் ஊர் மண்ணைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். மண்ணைக் காயவைத்துப் பொடித்து நுண்ணிய சல்லடையில் சலியுங்கள். 100 மில்லிலிட்டர் அளவு சாடிகள் இரண்டில் தலா 10 மில்லிலிட்டர் மண்ணைப் போடுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் 18, மண்ணெண்ணெயில் 10 எனப் படிந்திருந்தால் உப்பல் 80 விழுக்காடு. ஐம்பதைத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும்.

உங்கள் தெருவில் யாரேனும் மனை வாங்கப் போகிறார்களா? பத்திரம் பார்க்கும்போது ஒரு பிடி மண்ணையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பல இலட்சம் ரூபாயைப் புதைக்கப் போகும் இடம் எப்படிப்பட்டது என்பதை இரண்டு சாடிகள் ஒரே நாளில் சொல்லிவிடும்.