எளியமுறைக் குண்டலினி யோகம்

வேதாத்திரி மகரிஷி (1911–2006) இல்லறத்தாருக்காக வகுத்த மனவளக்கலைப் பயிற்சி முறை. உடற்பயிற்சி, தியானம், காயகல்பம், தன்னைத்தானே ஆராயும் அகத்தாய்வு ஆகியன இதன் நான்கு அங்கங்கள்.

பயிற்சிகள்: உடற்பயிற்சி கை, கால், மூச்சு, கண் பயிற்சிகளில் தொடங்கி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர் எனத் தொடர்ந்து, உடல் தளர்த்தலில் முடியும். தியானம் புருவ மத்தியான ஆக்கினையில் தொடங்கும்; முதுகெலும்பின் அடியான மூலாதாரத்தில் நினைவை நிறுத்துவது சாந்தித் தவம்; உச்சியில் நிறுத்துவது துரியம். காயகல்பம் சித்தர் மரபைச் சார்ந்தது. ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விரிக்கும் அசுவினி முத்திரையும் ஓஜஸ் மூச்சும் அதன் கூறுகள்.

வரலாறு: கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அச்சங்கத்தின் அறிவுத்திருக்கோயில் 1984-இல் அமைந்தது.

சிறப்பு: குரு–சீடர் மரபில் மறைபொருளாக இருந்த பயிற்சிகளை, மனவளக்கலை மன்றங்கள் வழியாக ஆண், பெண் இருபாலரும் உள்ளூரிலேயே கற்க வழிசெய்தது.